ஒரு குடம் தண்ணீர்... மூன்று ரசாயனங்கள்! அளவு தெரிந்தால் நன்மை, தெரியாவிட்டால் தீமை

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில், பல வருடங்களாகப் போர்வெல் தண்ணீரையே குடித்து வளர்ந்த கிராமங்களில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். பள்ளிக்கூடத்தில் குரூப் போட்டோ எடுக்கும்போது, சில பிள்ளைகள் மட்டும் வாயைத் திறக்காமல் சிரிப்பார்கள். சிரிப்பு வந்துவிட்டால் கையால் பொத்திக்கொள்வார்கள். பல்லில் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைத் திட்டு, அல்லது காவிக்கோடு. 'ஒழுங்காப் பல்லு வெளக்கறதில்ல' என்று வீட்டில் திட்டு விழும். அதே வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்குக் குனிந்து கோலம் போட முடியாது. 'வயசாச்சு, வாதம்' என்று தைலம் தேய்ப்பார்கள்.

பேத்தியின் பல்லுக்கும் பாட்டியின் இடுப்புக்கும் காரணம் ஒன்றாகவே இருக்கக்கூடும். அது அவர்கள் வீட்டுக் குடத்துத் தண்ணீரில் இருக்கும் ஃபுளோரைடு.

பூச்சிமருந்து என்றால் எல்லோருக்கும் பயம் உண்டு. பாட்டிலில் மண்டையோடு படம் இருக்கிறது, வாடை அடிக்கிறது. ஆனால், தினமும் நாலைந்து தடவை வயிற்றுக்குள் போகும் தண்ணீரில் உள்ள ரசாயனங்களுக்குப் படமும் இல்லை, வாடையும் இல்லை. அவற்றில் மூன்றை ஒவ்வொரு விவசாயக் குடும்பமும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பாறையிலிருந்து வரும் ஃபுளோரைடு, வயலிலிருந்து வரும் நைட்ரேட், நாமே போடும் குளோரின். மூன்றுமே நன்மையும் செய்யும், தீமையும் செய்யும்.

முதலில் காட்டிக்கொடுத்தவை உழவு மாடுகள்

இந்தியாவில் ஃபுளோரைடு பாதிப்பு முதன்முதலாக மருத்துவ உலகின் பார்வைக்கு வந்தது 1937-ல். அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் வட்டாரத்தில் மருத்துவர்கள் இதைப் பதிவு செய்தார்கள். ஆனால், அதற்கு முன்பே அங்குள்ள விவசாயிகள் ஒன்றைக் கவனித்திருந்தார்கள். நல்ல வயதில் இருக்கும் உழவு மாடுகள் மூட்டு இறுகி, வலி தாங்காமல் நடக்க முடியாமல் போயின. மாடும் மனிதனும் ஒரே தண்ணீரைத்தான் குடித்தார்கள்.

ஃபுளோரைடு எங்கிருந்து வருகிறது? கருங்கல் பாறைகளில் உள்ள சில கனிமங்களில் இது இயற்கையாகவே இருக்கிறது. மழைநீர் பாறை இடுக்கில் பல வருடங்கள் தேங்கிக் கிடக்கும்போது மெல்ல மெல்லக் கரைந்து சேர்கிறது. அதனால்தான் திறந்தவெளிக் கிணற்றைவிட ஆழ்துளைக் கிணறுகளில் பெரும்பாலும் இது அதிகமாக இருக்கிறது. இன்னொரு விஷயம்: சுண்ணாம்புச் சத்து குறைவாக உள்ள மென்தண்ணீரில் ஃபுளோரைடு கூடுதலாகக் கரையும். 'எங்க போர்த் தண்ணி இளநி மாதிரி இருக்கும், பருப்பு பூவா வேகும்' என்று நம்பிக் குடிக்கும் தண்ணீரிலும் ஃபுளோரைடு கூடுதலாக இருக்கலாம். நாக்கை நம்ப முடியாது.

எவ்வளவு இருக்கலாம்?

இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர் அளவுகோல்படி, ஒரு லிட்டர் தண்ணீரில் 1 மில்லி கிராம் வரை ஃபுளோரைடு இருக்கலாம். வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் அதிகபட்சம் 1.5 மில்லி கிராம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஃபுளோரைடு கொஞ்சமாக இருந்தால் பல்லுக்கு நல்லது. பல்லின் மேல்பூச்சை அது உறுதியாக்குகிறது, சொத்தையைக் குறைக்கிறது. அமெரிக்காவின் கொலராடோ மலைப்பகுதியில் பலருக்குப் பல்லில் காவிக்கறை இருப்பதைக் கண்ட ஒரு பல் மருத்துவர், பல வருடங்கள் அதன் காரணத்தைத் தேடினார். தண்ணீரில் உள்ள ஃபுளோரைடுதான் காரணம் என்று 1931-ல் தெரிந்தது. கறை பிடித்த பற்களில் சொத்தை குறைவாக இருந்ததையும் கவனித்திருந்தார்கள். அதன் தொடர்ச்சியாக 1945-ல் கிராண்ட் ராபிட்ஸ் என்ற அமெரிக்க நகரத்தில் குடிநீரில் அளவோடு ஃபுளோரைடைச் சேர்க்கவே தொடங்கினார்கள். இன்று பற்பசையில் ஃபுளோரைடு சேர்ப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

தண்ணீரில் இது இல்லாத ஊரில் சேர்க்கிறார்கள். நம் போர்வெல்லில் அளவுக்கு மேல் இருந்தால் நாம் குறைக்க வேண்டும்.

பிறந்ததிலிருந்து 8 வயதுக்குள்தான் நிலைப்பற்களின் மேல்பூச்சு உள்ளுக்குள் உருவாகிறது. அந்த வயதில் அதிக ஃபுளோரைடு போனால் பல்லில் கறை நிலைத்துவிடும். எந்தப் பற்பொடியும் போக்காது. பெரியவர்களுக்குப் பல்லில் புதிதாகக் கறை வராது. ஆனால், பல வருடங்கள் தொடர்ந்து குடித்தால் எலும்பில் படிந்து கழுத்து, முதுகு, மூட்டுகளை இறுக்கிவிடும். இறுகியதைப் பழையபடி திருப்ப மருந்து கிடையாது. தண்ணீரை மாற்றினால் மேற்கொண்டு மோசமாகாமல் தடுக்கலாம். சிறு பிள்ளைகள் உள்ள வீடுகள் நாளைக் கடத்தக் கூடாது என்பது இதனால்தான்.

வீட்டிலேயே செய்யும் மூன்று சோதனைகள்

எலும்பு பாதிப்பு இருக்குமோ என்று சந்தேகம் இருந்தால் இந்த மூன்றையும் செய்து பார்க்கலாம்.

1. முழங்காலை மடக்காமல் குனிந்து, கால் கட்டை விரலைத் தொட முடிகிறதா?
2. தாடையால் நெஞ்சைத் தொட முடிகிறதா?
3. இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, மடக்கிப் பின்தலையைத் தொட முடிகிறதா?

வலியில்லாமல் செய்ய முடியவில்லை என்றால் ஃபுளோரைடுதான் என்று முடிவு கட்ட வேண்டாம். வேறு மூட்டு நோயாகவும் இருக்கலாம். ஆனால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டும்போது, 'நாங்கள் போர்வெல் தண்ணீர் குடிக்கிறோம்' என்பதையும் மறக்காமல் சொல்ல வேண்டும்.

மாற்று வழிகள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்காகவே ஜப்பான் நிதி உதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நிறைவேற்றப்பட்டு, 2013-ல் பயன்பாட்டுக்கு வந்தது. 'ஃபுளோரோசிஸ் பாதிப்புத் தணிப்பு' என்பது அந்தத் திட்டத்தின் பெயரிலேயே இருக்கிறது. காவிரித் தண்ணீர் குழாயில் வரும் ஊர்களில் குடிக்கவும் சமைக்கவும் அதையே பயன்படுத்த வேண்டும். 'குழாயில தண்ணி வர்றதுக்கு நேரமாகுது' என்று போர்த் தண்ணீரில் உலை வைத்தால் அரிசியும் பருப்பும் அந்த ஃபுளோரைடையே உறிஞ்சிக்கொள்ளும்.

குழாய்த் தண்ணீர் வராத தோட்டத்து வீடுகளுக்கு மழைநீர் நல்ல வழி. அதில் பாறையின் ஃபுளோரைடு கிடையாது. 500 சதுர அடி ஓட்டுக்கூரை அல்லது மாடியில் 100 மி.மீ. மழை பெய்தால் சுமார் 4,600 லிட்டர் விழும். சேதாரம் போக 3,700 லிட்டர் பிடித்தாலும், ஐந்து பேர் உள்ள வீட்டில் குடிக்க, சமைக்க நாளுக்கு 25 லிட்டர் வீதம் ஏறக்குறைய ஐந்து மாதங்களுக்கு வரும். முதல் மழையைக் கூரை கழுவ விட்டுவிட வேண்டும். தொட்டியை வெளிச்சம், கொசு புகாமல் மூடி வைத்து, காய்ச்சிக் குடிக்க வேண்டும்.

படிகாரமும் சுண்ணாம்பும் போட்டு ஃபுளோரைடைப் படிய வைக்கும் 'நல்கொண்டா முறை'யை நாக்பூரில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் உருவாக்கியது. நல்ல முறைதான். ஆனால், படிகாரத்தின் அளவு தண்ணீருக்குத் தண்ணீர் மாறும். பரிசோதனை முடிவு இல்லாமல் கண்ணளவாகப் போட்டால் ஃபுளோரைடும் போகாது, தண்ணீரில் அலுமினியமும் கூடிவிடும்.

சாப்பாட்டில் சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் சி-யும் போதுமான அளவு இருந்தால் ஃபுளோரைடின் தாக்கம் குறையும். பால், மோர், கேழ்வரகு, முருங்கைக்கீரை, நெல்லிக்காய், கொய்யா எல்லாம் நம் தோட்டத்திலேயே கிடைப்பவை. புளி சேர்த்துக்கொள்பவர்களுக்குச் சிறுநீர் வழியாக ஃபுளோரைடு கூடுதலாக வெளியேறுவதை ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவன ஆய்வு காட்டியிருக்கிறது. இவையெல்லாம் துணைதான், தண்ணீரை மாற்றுவதுதான் மருந்து.

நாம் வீசிய யூரியா, நம் குடத்துக்கே வருகிறது

ஃபுளோரைடு பாறை செய்யும் வேலை. நைட்ரேட்டில் நம் பங்கும் இருக்கிறது.

வயலில் போடும் யூரியா மண்ணில் முதலில் அம்மோனியமாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாறுகிறது. அம்மோனியத்தைக் களிமண் பிடித்து வைக்கும். நைட்ரேட்டை மண்ணால் பிடித்து வைக்க முடியாது. பயிர் எடுத்ததுபோக மிச்சம், பாய்ச்சும் தண்ணீரோடு கீழே இறங்கிக் கிணற்றுக்குப் போய்விடுகிறது. நெல் வயலில் இடும் தழைச்சத்தில் பாதிக்கு மேல் பயிருக்குப் போய்ச் சேருவதே இல்லை. எருக்குழி, மாட்டுக்கொட்டகைக் கழிவு, கழிப்பறைக் குழி ஆகியவையும் கிணற்றை ஒட்டி இருந்தால் இதே வேலையைச் செய்யும்.

குடிநீரில் நைட்ரேட்டின் வரம்பு லிட்டருக்கு 45 மில்லி கிராம். இதற்குச் சலுகை வரம்பு எதுவும் கிடையாது. காரணம், கைக்குழந்தைகள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் வயிற்றில் நைட்ரேட் எளிதாக நைட்ரைட்டாக மாறி, ரத்தத்தில் கலந்து, ரத்தம் உயிர்க்காற்றைச் சுமக்கும் திறனைக் கெடுத்துவிடுகிறது. குழந்தையின் உதடும் நகமும் நீலம் பூக்கும். 1945-ல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் பண்ணை வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் பால்பவுடர் கலந்து கொடுத்த குழந்தைகளிடம்தான் ஒரு மருத்துவர் இதைக் கண்டறிந்து எழுதினார். அதுவும் நம்மைப் போன்ற விவசாயக் குடும்பங்களில் நடந்ததுதான்.

தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு இந்த ஆபத்து இல்லை. தாய் அந்தத் தண்ணீரைக் குடித்தாலும் தாய்ப்பாலில் நைட்ரேட் பெரிதாகச் சேர்வதில்லை. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும், சொட்டுத் தண்ணீர்கூட வேண்டாம் என்று செவிலியர்கள் சொல்வதில் இந்தப் பாதுகாப்பும் அடங்கியிருக்கிறது.

நைட்ரேட் என்ற பெயரைக் கேட்டதும் கீரையைக் கண்டு பயப்பட வேண்டாம். கீரை, பீட்ரூட் போன்றவற்றில் இயற்கையாகவே நைட்ரேட் உண்டு. பெரியவர்களின் உடலில் அதில் ஒரு பகுதி ரத்தக் குழாய்களைத் தளர்த்தும் பொருளாக மாறி, ரத்த அழுத்தம் குறைய உதவுகிறது.

கிணற்றைக் காப்பாற்ற விவசாயி செய்ய வேண்டியவை:

* யூரியாவை ஒரே தடவையாகக் கொட்டாமல் மூன்று, நான்கு தடவையாகப் பிரித்து இடுவது.
* நெல்லுக்கு இலை வண்ண அட்டையைப் பார்த்து, நிறம் குறைந்தால் மட்டும் இடுவது.
* தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரைப்படி யூரியா 5 பங்கு, ஜிப்சம் 4 பங்கு, வேப்பம் புண்ணாக்கு 1 பங்கு கலந்து, ஓர் இரவு வைத்திருந்து இடுவது. தழைச்சத்து மெதுவாகக் கிடைக்கும், வீணாவது குறையும்.
* உரம் போட்ட கையோடு வரப்பு வழியும் அளவுக்குத் தண்ணீர் கட்டாமல் இருப்பது.
* எருக்குழியையும் கழிப்பறைக் குழியையும் குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது 50 அடி தள்ளி, கிணற்றைவிடத் தாழ்வான பக்கத்தில் அமைப்பது.

இதனால் உரச் செலவும் மிச்சமாகும். பயிர் அளவுக்கு மீறிக் கருத்து, பூச்சியைக் கூப்பிடுவதும் குறையும்.

குளோரின்: எதிரியும் அதுவே, காவலனும் அதுவே

1915-ல், முதல் உலகப் போரின்போது, பெல்ஜியத்தின் ஈப்ர் நகருக்கு அருகே போர்முனையில் திறந்துவிடப்பட்ட விஷவாயு குளோரின். அதற்கு ஏழு வருடங்கள் முன்பு, 1908-ல், அமெரிக்காவின் ஜெர்சி நகரம் தன் குடிநீரில் தொடர்ந்து குளோரின் சேர்க்கத் தொடங்கியிருந்தது. காலராவையும் டைஃபாய்டையும் விரட்டியதில் குடிநீர்க் குளோரினுக்குப் பெரிய பங்கு உண்டு. போர்முனையில் நுரையீரலை எரித்த அதே பொருள், லிட்டருக்கு அரை மில்லி கிராம் என்ற அளவில் குடத்தில் இருந்தால் உயிர் காக்கிறது.

திறந்தவெளிக் கிணற்றில் குடிப்பவர்கள் ப்ளீச்சிங் பவுடரைக் கை கொள்ளும் அளவுக்கு அள்ளி வீசுவது வழக்கம். அது சரியல்ல. கணக்கு எளிது.

வட்டக் கிணற்றின் அகலத்தை அகலத்தால் பெருக்கி, அதைத் தண்ணீரின் ஆழத்தால் பெருக்கி (எல்லாம் அடியில்), வருவதை 22-ஆல் பெருக்கினால் கிணற்றில் எத்தனை லிட்டர் என்று தெரியும். 12 அடி அகலக் கிணற்றில் 10 அடித் தண்ணீர் இருந்தால், 12 × 12 × 10 × 22 = 31,680 லிட்டர். 1,000 லிட்டருக்கு நல்ல தரமான ப்ளீச்சிங் பவுடர் 2.5 கிராம் வீதம் 80 கிராம் போதும். சதுரக் கிணறு என்றால் 22-க்குப் பதில் 28.

இந்த 80 கிராமை பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, பிறகு முக்கால் வாளி தண்ணீர் ஊற்றிக் கலக்கி, பத்து நிமிடம் வைக்க வேண்டும். சுண்ணாம்பு அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்த நீரை மட்டும் வேறு வாளியில் ஊற்றி, அந்த வாளியைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கி, மேலும் கீழுமாக அசைத்துக் கலக்க வேண்டும். குறைந்தது ஒரு மணி நேரம் கழித்துத்தான் தண்ணீர் எடுக்கலாம். இரவில் போட்டுவிட்டுக் காலையில் எடுப்பது வசதி. மழை வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு அளவு வேறு. சுகாதார ஆய்வாளரைக் கேட்டுச் செய்ய வேண்டும்.

மூட்டையைப் பிரித்து வைத்த ப்ளீச்சிங் பவுடர் நாளாக நாளாக வீரியம் இழக்கும். இறுக மூடி, ஈரமும் வெயிலும் படாமல் வைக்க வேண்டும். யூரியா, டீசல், பூச்சிமருந்து இவற்றின் பக்கத்தில் வைக்கவே கூடாது. முக்கியமாக, கழிப்பறை கழுவும்போது ஆசிட்டையும் ப்ளீச்சிங் பவுடரையும் சேர்த்துப் போடுவது ஆபத்து. இரண்டும் சேர்ந்தால் 1915-ல் போர்முனையில் விட்ட அதே வாயு, உங்கள் கழிப்பறைக்குள் கிளம்பும். கண் எரிந்து மூச்சு முட்டினால் உடனே வெளியே வந்து, காற்றோட்டமான இடத்தில் இருந்துகொண்டு 108-ஐ அழைக்க வேண்டும்.

காய்ச்சினால் போகுமா?

கிருமி: போகும்.
ஃபுளோரைடு: போகாது. தண்ணீர் வற்ற வற்ற அளவு கூடும்.
நைட்ரேட்: போகாது. இதுவும் கூடும்.
குளோரின் வாடை: போகும்.

பரிசோதனை எங்கே?

பாசன நீரைப் பரிசோதிக்கும் மண் பரிசோதனை நிலையத்தில் உப்பு, கார அமிலத் தன்மை தெரியும். குடிக்கத் தகுந்ததா என்பது அந்த அறிக்கையில் வராது. குடிநீருக்கு, மாவட்டத் தலைநகரில் உள்ள தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பம்பைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான பிளாஸ்டிக் கேனை அதே தண்ணீரால் மூன்று தடவை அலசி, இரண்டு லிட்டர் பிடிக்க வேண்டும். ஃபுளோரைடுக்குக் கண்ணாடி பாட்டில் வேண்டாம். கிருமிப் பரிசோதனைக்கு ஆய்வகமே தரும் பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும். கோடையில் ஒரு முறையும் மழைக்குப் பிறகு ஒரு முறையும் பார்த்தால் நிலவரம் தெளிவாகும்.

வாசகர் கேள்விகள்

'எங்கள் போர்வெல்லில் ஃபுளோரைடு 2.8 என்று அறிக்கை வந்துள்ளது. போரையே மூடிவிடலாமா?' - பாலக்கோடு வாசகர்

வேண்டாம். குளிக்க, துவைக்க, பயிருக்குப் பாய்ச்சத் தடையில்லை. குடிக்கவும் சமைக்கவும் மட்டும் வேறு தண்ணீருக்கு மாறுங்கள். கறவை மாடுகளுக்கும் கன்றுகளுக்கும் முடிந்தவரை நல்ல தண்ணீர் காட்டுங்கள்.

'ஆர்.ஓ. மெஷின் வாங்கிவிட்டோம். இனி கவலை இல்லையா?' - ஊத்தங்கரை வாசகர்

ஆர்.ஓ. முறையில் ஃபுளோரைடும் நைட்ரேட்டும் பெருமளவு குறையும். ஆனால், உள்ளே இருக்கும் சவ்வு பழுதானால் தண்ணீரைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை வெளியே வரும் தண்ணீரைப் பரிசோதியுங்கள். கழிவாக வரும் தண்ணீரில் எல்லாம் கூடுதலாக இருக்கும். அதை மாட்டுத்தொட்டியில் விடாதீர்கள்.

'மகளுக்குத் தாய்ப்பால் போதவில்லை. மூன்று மாதக் குழந்தைக்குக் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சிப் பால்பவுடர் கலந்து கொடுக்கிறோம். சரியா?' - அரூர் வாசகி

அம்மா, கிணற்றைச் சுற்றி வயலோ மாட்டுக்கொட்டகையோ இருந்தால் அந்தத் தண்ணீர் இப்போதைக்கு வேண்டாம். பரிசோதனையில் நைட்ரேட் 45-க்குள் என்று தெரியும் வரை, நைட்ரேட் பரிசோதிக்கப்பட்ட குழாய்த் தண்ணீரைக் காய்ச்சிப் பயன்படுத்துங்கள். தாய்ப்பால் கூட வழி உண்டா என்று கிராம சுகாதார செவிலியரிடம் மகளை அழைத்துப்போய்க் கேளுங்கள். குழந்தையின் உதடு, நகம் நீலமாகத் தெரிந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். இதற்கு அங்கே சிகிச்சை இருக்கிறது.

'டேங்க் தண்ணீரில் மருந்து வாடை வருகிறது. பிள்ளைகள் குடிக்க மாட்டேன் என்கிறார்கள்.' - காரிமங்கலம் வாசகர்

லேசான வாடை வந்தால் தண்ணீர் காவலோடு வருகிறது என்று அர்த்தம். அகலமான பாத்திரத்தில் பிடித்து, மெல்லிய துணியால் மூடி ஒரு மணி நேரம் வைத்தால் வாடை குறையும். மூக்கில் ஏறும் அளவுக்கு இருந்தால் டேங்க் ஆப்பரேட்டரிடம் சொல்லி, குளோரோஸ்கோப்பில் அளந்து காட்டச் சொல்லுங்கள். வாடைக்குப் பயந்து பிள்ளைகளுக்குப் பழையபடி போர்த் தண்ணீரைக் கொடுத்துவிடாதீர்கள்.